குழாய் மேகசினுக்குள் குண்டின் மூக்கு

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் குண்டின் மூக்கு மானைத் தொடுவதற்கு முன்னால் வேறொன்றைத் தொடுகிறது. விசையைச் சுற்றியிருக்கும் கைப்பிடியை (லீவரை) இறக்கி ஏற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் வேட்டைத் துப்பாக்கி இது. பேரலுக்குக் கீழே ஓடும் குழாய்தான் அதன் மேகசின், அதாவது தோட்டாக் கிடங்கு. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். எல்லாமே முன்பக்கம் பார்த்தபடி. பின்னால் இருக்கும் தோட்டாவின் குண்டு, அதற்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் போய் முட்டிக்கொண்டிருக்கும். அந்த அடிப்பாகத்தின் நட்டநடுவில்தான் பிரைமர் இருக்கிறது. அடிபட்டால் வெடிக்கவேண்டும் என்பதற்காகவே செய்த சின்ன உலோகக் கிண்ணம் அது. இந்த ரைஃபிளுக்குத் தோட்டா வாங்குகிற எவரும் முதலில் யோசிக்கவேண்டியது இந்தத் தொடுகையைத்தான். மானைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே மான் வேட்டைக்கு அரைத்தானியங்கி ரைஃபிள் கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் கையால் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர், பம்ப், போல்ட் ரைஃபிள்கள்தான் காட்டுக்குள் போகின்றன. 30-30 என்ற தோட்டாவைச் சுடும் தாத்தா காலத்து ரைஃபிள்கள் இன்னும் நிறைய வீடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பகுதித் தமிழ் நண்பர் ஒருவர், வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்த கையோடு, பழைய மார்லின் 336 லீவர் ரைஃபிள் ஒன்றை வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். “அண்ணா, நுனியில சிவப்பு பிளாஸ்டிக் வச்ச தோட்டாதான் ரொம்ப தூரம் போகுமாம். இதுல போடலாமா?”

“சிவப்புல ரெண்டு ரகம் இருக்கு தம்பி. ஒண்ணு போடலாம், இன்னொண்ணு போடவே கூடாது. முதல்ல பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்க” என்றேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கூடு, வெடிமருந்து, பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்கிறேன். பறந்துபோகும் உலோகத் துண்டு மட்டும் குண்டு.

குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழாயின் முன்முனையில் நீளமான ஸ்பிரிங் இருக்கிறது. அது தோட்டா வரிசை முழுவதையும் எப்போதும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் மட்டும் பிரைமரை வெடிக்க வைத்துவிடாது. சுடும்போது வருகிற உதைதான் ஆபத்து. ரைஃபிள் திடீரென்று பின்னால் பாய்கிறது. குழாயில் இருக்கும் தோட்டாக்களோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. அதனால் அவை ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு முன்னால் போகின்றன. ரைஃபிள் தோளில் வந்து நின்றதும் ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் எறிகிறது. எஞ்சின் வந்து இணையும்போது ரயில் பெட்டிகள் வரிசையாக இடித்துக்கொள்ளுமே, அப்படி ஒன்றின்மேல் ஒன்று மோதி நிற்கின்றன. கடைசியில் இருக்கும் தோட்டாவின் மூக்கின்மேல் அதற்கு முன்னால் உள்ள அத்தனை தோட்டாக்களின் எடையும் வந்து விழுகிறது. அந்த மூக்கு ஊசிபோல இருந்தால், எதிரே இருக்கும் பிரைமருக்கு அது சுத்தியல் முனை. ரைஃபிள் கைநழுவி, அடிக்கட்டை தரையில் பட விழுந்தாலும் இதேபோல ஒரு மோதல் நடக்கும்.

சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) வெடிக்கும் தோட்டாவைச் சுற்றித் தடித்த எஃகு இருக்கிறது. குழாயோ மெல்லிய தகடு. அங்கே வெடித்தால் பித்தளைக் கூடு கிழியும், குழாய் பிளக்கும், அதை மூடியிருக்கும் மரக்கட்டை சிதறும். சுடுகிறவரின் இடது கை அந்த மரக்கட்டையைத்தான் பிடித்திருக்கிறது. நான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கைதான். இது அபூர்வமாகத்தான் நடக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை எனும்போது அந்த வாதத்தில் என்ன இருக்கிறது?

இந்தச் சிக்கல் ஆரம்பத்திலேயே இருந்தது கிடையாது. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை வாங்கிய ஹென்றி ரைஃபிள், குழாயில் 16 தோட்டாக்களைச் சுமந்தது. அந்த 44 ஹென்றி தோட்டாவில் வெடிக்கும் கலவை அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி உள்ளே இருந்தது. மூக்கு முட்டுகிற நடுப்பகுதியில் அடிவாங்க எதுவுமில்லை. இன்றைய 22 லாங் ரைஃபிளும் அதே விளிம்பு ஏற்பாடுதான். அதனால்தான் 22 லீவர் ரைஃபிள்களில் உருண்டை மூக்குத் தோட்டாக்களைப் பயமில்லாமல் நிரப்புகிறோம். நடுவில் பிரைமர் வைத்த 44-40 தோட்டாவோடு வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாடல் லீவர் ரைஃபிள் வந்தபோதுதான் மூக்கும் பிரைமரும் நேருக்கு நேர் நின்றன. அதற்கு விடையும் கூடவே வந்தது. 44-40-ன் 200 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஈயக் குண்டுக்குத் தட்டை மூக்கு. 1886 மாடல் 45-70 தோட்டாவை ஏற்றபோதும் அப்படித்தான். அமெரிக்க ராணுவத்தின் ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்காகச் செய்த அதே 45-70-க்கு 500 கிரெய்ன் உருண்டை மூக்குக் குண்டு உண்டு. குழாயில் போடுவதற்கு வின்செஸ்டர் செய்தது தட்டை மூக்கு. தோட்டாவின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மூக்கு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

1895-ல் 30-30 வந்தது. புகையில்லா மருந்துக்கென்றே அமெரிக்காவில் வடிவமைத்த முதல் சிறுவிட்ட வேட்டைத் தோட்டா. ஜான் பிரவுனிங் வின்செஸ்டருக்காக வடிவமைத்து ஒரு வருடம் முன்னால் வந்திருந்த 1894 மாடலில் அது குடியேறியது. வேகம் கூடியது, மூக்கு தட்டையாகவே இருந்தது. இன்றைக்கும் கடையில் கிடைக்கும் வழக்கமான 30-30 பெட்டி 150 அல்லது 170 கிரெய்ன் தட்டை மூக்கு சாஃப்ட் பாயிண்ட்தான். நுனியில் மெத்தென்ற ஈயம் வெளியே தெரியும். முன்னது வினாடிக்கு 2390 அடி வாக்கிலும் பின்னது 2200 அடி வாக்கிலும் கிளம்பும்.

இதே சிக்கல் ஒரு பெரிய ராணுவத்துக்கும் வந்தது. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரான்ஸின் 1886 லெபெல் போல்ட் ரைஃபிள்தான். ஆனால் பேரலுக்குக் கீழே 8 தோட்டா பிடிக்கும் குழாய். முதலில் அதற்குக் கொடுத்த குண்டு தட்டை மூக்கு. 1898-ல் கூர்மூக்கும் ஒடுங்கிய வாலும் கொண்ட ‘பால் டி’ குண்டுக்கு மாறினார்கள். தூரத்துக்கு அருமையான குண்டு, ஆனால் குழாயில் கூர்மூக்கு. என்ன செய்தார்கள் தெரியுமா? தோட்டாவின் அடித்தட்டில் பிரைமரைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். லெபெல் தோட்டா அகன்ற விளிம்பும் செங்குத்தான சரிவும் கொண்டது; குழாயில் அது சற்றுச் சாய்ந்துதான் படுக்கும். சாய்ந்த மூக்கு பிரைமருக்குப் போகாமல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரைமருக்கு மேல் தனியாக ஒரு மூடியும் உண்டு. கூர்மூக்கைக் குழாய்க்குள் விடுவதற்கு ஒரு நாடே தன் தோட்டாவின் அடியைத் திருத்தவேண்டியிருந்தது. நம் 30-30-ன் அடியில் அப்படி எந்தப் பள்ளமும் கிடையாது.

30-30-க்கும் விளிம்பு உண்டு, அதுவும் கொஞ்சம் சாய்ந்துதான் படுக்கும், ஆகவே மூக்கு பிரைமரின் மையத்தில் படாது என்று சிலர் வாதம் செய்வார்கள். பாதி உண்மை. விளிம்பினால் மூக்கு சற்றுத் தாழ்ந்திருப்பது நிஜம். ஆனால் எவ்வளவு தாழும் என்பது குழாயின் விட்டம், கூட்டின் சரிவு, குண்டின் நீளம் எல்லாவற்றையும் பொறுத்தது. அந்த ஓரிரு மில்லிமீட்டரை நம்பி நான் கூர்மூக்கை உள்ளே விடமாட்டேன்.

குழாயையே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. பிரவுனிங்கின் 1895 மாடல் வின்செஸ்டர் லீவர் ரைஃபிள்தான், ஆனால் பெட்டி மேகசின். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருப்பதால் மூக்குக்கு முன்னால் பிரைமர் வராது. முதல் உலகப் போரில் ரஷ்யா இந்த ரைஃபிளை லட்சக்கணக்கில் வாங்கியது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்கு 405 வின்செஸ்டர் தோட்டா சுடும் வடிவில் எடுத்துப்போனதும் இதைத்தான். ஆர்தர் சாவேஜ் தன் 1899 மாடலில் சுழலும் மேகசின் வைத்தார். ரெமிங்டனுக்காக ஜான் பெடர்சன் வடிவமைத்து 1912-ல் வந்த மாடல் 14 பம்ப் ரைஃபிள் இன்னொரு தினுசு. குழாயைச் சுருளாக முறுக்கிவிட்டார். ஒவ்வொரு தோட்டாவும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும், மூக்கு பக்கத்துத் தோட்டாவின் பிரைமருக்கு விலகி நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தால் பேரலுக்குக் கீழே திருகுபோல ஓடும் அந்தக் குழாய் கண்ணில் படாமல் போகாது.

சரி, அந்தச் சிவப்பு நுனிக்கு வருவோம். 2006 வாக்கில் ஹார்னடி நிறுவனம் லெவரெவல்யூஷன் என்ற பெயரில் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தது. அவற்றிலுள்ள எஃப்டிஎக்ஸ் குண்டு கூர்மையானது. நுனி மட்டும் ரப்பர்போல வளைந்துகொடுக்கும் மெத்தென்ற பொருள். அழுத்தினால் நசுங்கி, விட்டால் பழையபடி நிமிரும். குழாயில் பிரைமர்மேல் மோதினாலும் அடியின் வேகத்தை நுனி வாங்கிக்கொள்ளும். நூறாண்டுக்கும் மேலாகத் தட்டை மூக்கோடு இருந்த துப்பாக்கிக்கு இது உண்மையான முன்னேற்றம், மறுக்கமாட்டேன். 30-30-க்கான 160 கிரெய்ன் எஃப்டிஎக்ஸ் குண்டின் காற்றைக் கிழிக்கும் திறனுக்கு ஹார்னடி தரும் எண் 0.330. அதே நிறுவனத்தின் 150 கிரெய்ன் உருண்டை மூக்கு 30-30 குண்டுக்கு அது 0.186. 200 கெஜத்துக்கு அப்பால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆபத்து எங்கே என்றால், அதே நிறுவனத்தின் எஸ்எஸ்டி குண்டுக்கும் சிவப்பு நுனிதான். அது கடினமான பிளாஸ்டிக். பெட்டி மேகசின் ரைஃபிளுக்குச் செய்தது. இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தால் புதியவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. மற்ற நிறுவனங்களும் பல நிறங்களில் கடின நுனிக் குண்டுகள் செய்கின்றன. நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யவே கூடாது. குழாய் மேகசினுக்கு ஏற்றது என்று தயாரித்தவர் எழுத்தில் சொல்லியிருக்கவேண்டும். நகத்தால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருக்கிறது என்று தீர்மானிப்பதும் வேண்டாம்.

தட்டை என்றால் எவ்வளவு தட்டை? 30-30, 45-70, 44 மேக்னம், 45 கோல்ட் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் பிரைமரின் விட்டம் 0.21 அங்குலம். 38 ஸ்பெஷல், 357 மேக்னத்தில் 0.175. மூக்கின் தட்டைப் பகுதி இதை முழுவதும் மூடவேண்டும் என்பதில்லை. கடையில் கிடைக்கும் பல 30-30 குண்டுகளின் தட்டை அதைவிடச் சிறியது. அடி ஒரு புள்ளியில் குவியாமல் பரவவேண்டும், அதுதான் தேவை. தட்டை அகலமாக ஆக, ஈயம் மெத்தென்று இருக்க இருக்க, அது நன்றாக நடக்கும். உதை பலமான 45-70 போன்றவற்றில் நான் அகலமான தட்டையைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் சுடும் லீவர் ரைஃபிள்களில் இன்னொரு சங்கதி கவனிக்கவேண்டும். அவற்றில் இருப்பது கைத்துப்பாக்கிப் பிரைமர்; அதன் தகடு ரைஃபிள் பிரைமரைவிட மெல்லியது. அங்கே உதை குறைவுதானே என்று அலட்சியம் கூடாது.

உருண்டை மூக்கைப் பற்றித்தான் அதிகம் சண்டை வரும். ஹார்னடியின் அந்த 150 கிரெய்ன் குண்டுபோல, 30-30-க்கென்றே செய்த, நுனியில் மெத்தென்ற ஈயம் தெரியும் உருண்டை மூக்குகள் இருக்கின்றன. அவற்றின் நுனி அகலமாகவே வளைந்திருக்கும். அவற்றைத் தடைசெய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழுவதும் செம்பு உறை போட்ட உருண்டை மூக்கும், கடின ஈயத்தில் வார்த்த உருண்டை மூக்கும் குழாய்க்கு வேண்டாம். அவை வளைவின் உச்சியில் ஒரே இடத்தில் தொடுகின்றன, நசுங்கவும் மாட்டா. கௌபாய் பாணிப் போட்டிகளில் சுடுகிறவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது உருண்டைத் தோளும் தட்டை நுனியும் சேர்ந்த ஈயக் குண்டு. குழாயில் பத்திரம், சேம்பருக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். கூர்விளிம்புத் தோள் கொண்ட செமி-வாட்கட்டர் குழாயில் பத்திரம்தான், ஆனால் சில ரைஃபிள்களில் சேம்பர் வாசலில் தோள் மாட்டிக்கொள்ளும்.

தட்டை மூக்கு ஏதோ விட்டுக்கொடுத்தல் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்குள்ள அடர்ந்த காட்டில் 100 கெஜத்துக்கு மேல் சுட வாய்ப்பே அரிது. அந்தத் தூரத்தில் காற்றுத் தடை பொருட்டே இல்லை. அகன்ற மூக்கு உடலில் பட்டதும் தன் சக்தியை உடனே இறக்குகிறது. மான் சீக்கிரம் விழுகிறது, காயத்தோடு ஓடி மறைவதில்லை. 30-30-ஐ அமெரிக்கக் காடுகளில் நூறாண்டுக்கும் மேலாகக் காப்பாற்றி வைத்திருப்பது இதுதான் என்பது என் நம்பிக்கை.

சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்களுக்கு வடிவம் மட்டும் போதாது. பிரைமர் அடித்தட்டின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே உட்கார்ந்திருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். துருத்திக்கொண்டிருந்தால் தட்டை மூக்கும் அதை இடிக்கும். அப்புறம் கிரிம்ப். கூட்டின் வாயைக் குண்டின் இடுப்பிலுள்ள வரிப்பள்ளத்துக்குள் நன்றாக மடக்கிவிடவேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் தள்ளிவிடும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். எஃப்டிஎக்ஸ் குண்டு கட்டுகிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்கவேண்டும். அந்தக் குண்டின் மூக்கு நீளம் என்பதால் 44 மேக்னம், 444 மார்லின், 45-70 போன்றவற்றில் கூட்டை வழக்கத்தைவிடக் குட்டையாக வெட்டவேண்டும். அப்படிக் குட்டையான கூடுகளைப் பிறகு சாதாரணக் குண்டுக்கான கூடுகளோடு கலந்துவிட்டால் கிரிம்ப் பள்ளத்துக்கு எட்டாது. தனி டப்பாவில், தனிப் பெயர் எழுதி வைப்பதுதான் வழி.

பழைய ரைஃபிள் வாங்கும்போது கூடவே அரைப்பெட்டி, கால்பெட்டி என்று தோட்டாக்களும் வரும். பித்தளை அடியில் 30-30 என்று பொறித்திருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சாவேஜ் 340 என்ற போல்ட் ரைஃபிள் 30-30 சுடும், அதற்குப் பெட்டி மேகசின். தாம்சன் சென்டர் கன்டெண்டர் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியும் 30-30-ல் வந்தது. அவற்றுக்காக யாரோ கூர்மூக்குக் குண்டு வைத்துக் கட்டிய தோட்டாக்கள் அந்தப் பெட்டியில் கலந்திருக்கலாம். யார் கட்டியது என்று தெரியாத தோட்டாவை, மூக்கு எப்படி இருந்தாலும், நான் சுடுவதில்லை. மருந்து என்ன, எவ்வளவு என்பதும் தெரியாதே.

தொழிற்சாலையில் செய்த கூர்மூக்குத் தோட்டாதான் கையில் இருக்கிறது, சுட்டே ஆகவேண்டும் என்றால், குழாயைக் காலியாக வைத்து ஒவ்வொன்றாகச் சேம்பரில் போட்டுச் சுடுங்கள். பழைய வேட்டைக்காரர்கள் சிலர் சேம்பரில் ஒன்று, குழாயில் ஒன்று என்று வைப்பார்கள். குழாயில் ஒன்றுதான் என்றால் அதன் மூக்குக்கு முன்னால் ஸ்பிரிங்கின் மூடிதான், பிரைமர் கிடையாது. தத்துவம் சரிதான். ஆனால் மான் எதிரே நிற்கும் பரபரப்பில், இன்னொன்றையும் கை தானாக உள்ளே தள்ளிவிடும். அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஏற்கெனவே குழாயில் கூர்மூக்கு நிரப்பிவிட்டீர்கள் என்று இதைப் படிக்கும்போதுதான் தெரிகிறது என்றால், பதற்றம் வேண்டாம்; சுட்டுக் காலிசெய்யவும் வேண்டாம். பேரலை ஆபத்தில்லாத திசையில் வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, லீவரை மெதுவாக இயக்கி ஒவ்வொரு தோட்டாவாக வெளியே எடுங்கள். ரைஃபிளைத் தரையில் இடிக்கக் கூடாது, அடிக்கட்டையைத் தட்டக் கூடாது. கடைசித் தோட்டா வந்த பிறகும் லீவரை இன்னும் இரண்டு முறை இயக்கி, சேம்பரையும் குழாய் வாயையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, காலியாகிவிட்டது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.